பிலாத்து நல்லவனா கெட்டவனா? பிள்ளைகளிடம் என்ன சொல்வது

சகோதரி, இயேசுவைச் சிலுவையில் அறைய உத்தரவிட்ட ரோம ஆளுநர் பிலாத்தைப் பற்றி, "கையைக் கழுவிட்டாரே, அப்போ பிலாத்து நல்லவர்தானே டீச்சர்?" என்று ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் கேட்டதும் பதில் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவனிடம் லூக்கா 13:1ஐத் திறந்து காட்டுங்கள். கலிலேயரின் இரத்தத்தை அவர்களுடைய பலிகளோடே கலந்தவன், அதாவது பலி செலுத்தியவர்களைக் கொன்றவன், இதே பிலாத்துதான். இயேசுவின் சாவுக்கு நான் பொறுப்பல்ல என்று அவன் கை கழுவுவது மத்தேயு சுவிசேஷத்தில் மட்டும்தான் வருகிறது.

யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் காட்டும் ஆள் இன்னும் முரடன். எருசலேமுக்குத் தண்ணீர் கொண்டுவர ஆலயப் பணத்தை எடுத்தான், மக்கள் திரண்டு கூச்சல் போட்டபோது சிப்பாய்களுக்குச் சாதாரண உடை போட்டு, துணிக்குள் தடியை ஒளித்துக் கூட்டத்துக்குள் அனுப்பி, சைகை காட்டி அடிக்கவிட்டான். கடைசியில் சமாரியரைக் கொன்ற விவகாரத்தில் கி.பி. 36 வாக்கில் பதவி போனது.

அப்புறம் ஏன் சுவிசேஷங்களில் தயங்குகிற மனிதனாக வருகிறான்? ரோமரின் ஆட்சிக்குக் கீழே வாழ்ந்த சபைக்கு, "எங்கள் ஆண்டவர் கலகக்காரர் அல்ல, உங்கள் ஆளுநரே குற்றம் காணவில்லை" என்று சொல்லவேண்டிய தேவை இருந்தது என்கிறார்கள் பல அறிஞர்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. எத்தியோப்பியத் திருச்சபை அவனைப் புனிதராகவே வைத்திருக்கிறது, கேட்டால் பையன்கள் வாயைப் பிளப்பார்கள்!

ஒன்று மட்டும், பிலாத்தை வெள்ளையடிக்கும்போது பழி முழுக்க யூதர் தலையில் விழுந்துவிடும். சிலுவையில் அறைவது ரோமத் தண்டனை, உத்தரவும் அவனுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.