பல்கலைக்கழக மாணவியரின் ஒழுங்கற்ற மாதவிடாய்: கேள்வி பதில்

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கி முதலாம் வருடம் படிக்கிறேன். ஊரில் மாதம் தவறாமல் வந்த மாதவிடாய், இங்கு வந்தபின் 40 நாள், 50 நாள் என்று தள்ளிப் போகிறது. இது நோயா, டொக்டர்?

பதில்: பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் கவனிக்க வேண்டியது. மூளையிலுள்ள ஹைபோதலமஸ், பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து வரும் ஹோர்மோன்களே சூலகத்தில் முட்டையை முதிரச் செய்கின்றன. உணவு குறைந்து, தூக்கம் கெட்டு, மனமும் ஓயாத பதற்றத்தில் இருக்கும்போது அந்தத் தூண்டல் தளர்ந்து, முட்டை வெளியேறுவது பிந்த, மாதவிடாயும் பிந்துகிறது. காலையில் வெறும் பிளேன்டீ, மத்தியானம் கன்டீனில் ஒரு பணிஸ், நடுச்சாமத்தில் நூடில்ஸ் என்று நாளைக் கடத்தும் பிள்ளைகள் வந்தால், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மூன்று வேளையும் சோறும் கறியுமாகச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கத் தொடங்கிய பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சீராகிவிடுகிறது.

ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 21 முதல் 35 நாட்கள் என்பது பொதுவான கணக்கு. ஒழுங்காக வந்துகொண்டிருந்தது 3 மாதம் தொடர்ந்து வராவிட்டாலோ, உடல் எடை வேகமாகக் குறைந்தாலோ, குளிர் தாங்காமல் தலைமயிர் கொட்டினாலோ, மார்பிலிருந்து பால் போலக் கசிந்தாலோ, பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கோ அரசாங்க வைத்தியசாலைக்கோ செல்லுங்கள். தைரொயிட், பால் சுரக்கச் செய்யும் ஹோர்மோனான புரோலக்டின் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகள் அங்கே தேவைப்படலாம். கர்ப்பத்துக்குச் சிறிதளவேனும் வாய்ப்பு இருந்தால், அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள எவருக்கும் உரிமையில்லை.

கேள்வி: கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய். கம்பஸில் படிக்கும் என் மகளுக்கு வயது 19. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. மோவாயில் முடி, முகம் நிறையப் பரு. ஸ்கேனில் சூலகத்தில் நீர்க்கட்டிகள் இருப்பதாகச் சொன்னார்கள். கலியாணம் முடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: அம்மா, கலியாணத்தால் எந்த ஹோர்மோனும் சீராகாது, அந்தப் பேச்சைக் கேட்டுப் பிள்ளையின் படிப்பைக் குழப்பாதீர்கள். ஸ்கேனில் தெரிந்தவை அநேகமாக முதிராமல் நின்றுவிட்ட முட்டைப் பைகளாக இருக்கும். அவற்றை வெட்டி அகற்றத் தேவையில்லை. இது பீசீஓஎஸ் (PCOS) எனப்படும் சூலக ஹோர்மோன் கோளாறாக இருக்கலாம். 2003இல் ரொட்டர்டாமில் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹோர்மோன் மிகுந்ததற்கான அடையாளங்கள், ஸ்கேனில் தெரியும் சூலக மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டேனும் இருந்து, வேறு காரணங்கள் இல்லையென உறுதியானால்தான் பீசீஓஎஸ் எனலாம். பெரியபிள்ளையாகி 8 வருடங்கள் நிறையாத பெண்களுக்கு ஆரோக்கியமான சூலகமும் ஸ்கேனில் அவ்வாறே தோன்றலாம் என்பதால், உங்கள் மகள் விடயத்தில் அந்த அறிக்கையை மட்டும் நம்ப முடியாது. முதல் இரண்டு அடையாளங்களும் அவருக்கு இருப்பதால் வைத்தியரின் மதிப்பீடு அவசியம். இரத்தச் சர்க்கரையும் பார்க்க வேண்டும். எடை கூடியிருந்தால் அதில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் திரும்புகிறது. மாதக் கணக்கில் வராமலே விட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும் என்பதால், மருந்து கொடுத்து இடைக்கிடை வரவழைப்பார்கள். திருமணமாகாத பெண்களுக்கு, தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிரம்பிய பின் வயிற்றின் மேலாகவே ஸ்கேன் செய்யலாம். உள்ளே கருவி வைத்து ஸ்கேன் செய்வார்களோ என்ற பயத்தினாலேயே வைத்தியரிடம் போகாமல் இருக்கும் பிள்ளைகள் பலர்.

கேள்வி: ஆடிவேல் விழாவின்போது மாதவிடாய் வராமல் தள்ளிப்போடப் பாமசியில் மாத்திரை வாங்கிப் போட்டேன். அதன்பின் திகதிகள் மாறிவிட்டன.

பதில்: அது நொரெதிஸ்தெரோனாக இருக்கலாம். நிறுத்தி இரண்டு மூன்று நாட்களில் மாதவிடாய் வரும். அடுத்த கணக்கு அந்த நாளிலிருந்தே தொடங்குவதால் திகதி மாறுவது இயல்பு. கடும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும், குடும்பத்தில் இரத்தக்கட்டு ஏற்பட்டவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதைப் போடக்கூடாது. கர்ப்பத்தையும் இது தடுக்காது.

கேள்வி: எனக்கு நாள் தவறுவதில்லை, ஆனால் விரிவுரை முடியுமுன் பேட் நனைந்துவிடுகிறது.

பதில்: மணிக்கொரு பேட் நனைவதும், பத்து ரூபாய் நாணயத்தை விடப் பெரிய கட்டிகள் விழுவதும், 7 நாட்களுக்கு மேல் நீடிப்பதும் அதிக இரத்தப்போக்கே. பெரியபிள்ளையான நாளிலிருந்தே இப்படியென்றால், இரத்தம் உறைவதில் பரம்பரைக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்கச் சுணங்கியதா என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை. சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிப்பதை விட்டுவிடுங்கள், அது இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது.

கேள்வி: வைத்தியரிடம் போகும்போது எதைக் கொண்டுபோக வேண்டும்?

பதில்: கடந்த 6 மாதத் திகதிகள், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் நீடித்தது, நாளொன்றுக்கு எத்தனை பேட், ஆயுர்வேத மருந்து உட்பட உட்கொண்ட எல்லா மருந்துகளின் பெயர்கள். போனில் குறித்திருந்தாலும் போதும்.