விளம்பரத்துக்கு வைத்த பலகைக்கு ஏன் இத்தனை பாசம்?

கேள்வி: எங்கள் நகரத்தின் நுழைவில் ஊர்ப்பெயரை ஆளுயரத்துக்கும் மேலான எழுத்துகளில் வைத்து, சுற்றிலும் நியான் விளக்கு போட்டிருக்கிறார்கள். எப்போதோ விளம்பரத்துக்காக வைத்தது. இப்போது துருப்பிடித்து, பாதி எழுத்து எரிவதில்லை. அதைச் சரிசெய்ய நகராட்சி பணம் ஒதுக்கப்போகிறதாம். ஒரு வேடிக்கைப் பலகைக்கு இந்தச் செலவு தேவைதானா? அந்தப் பணத்தில் ரோட்டுக் குழியை மூடலாமே!

பதில்: தேவைதான். என் வேலைக்காலம் முழுக்க விளக்குப் பலகைகளைப் பழுதுபார்த்தவன் நான். அந்தப் பாசத்தில் பேசுகிறேன் என்று நினைத்தாலும் சரி, பதில் அதேதான்.

விளம்பரத்துக்காக வைத்தது என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். உலகத்திலேயே பேர்போன பலகையும் அப்படி வந்ததுதான். லாஸ் ஏஞ்சலீஸ் மலைச்சரிவில் 1923இல் வீட்டுமனை விற்பதற்காக 'ஹாலிவுட்லேண்ட்' என்று வைத்தார்கள். ஒன்றரை வருஷம் நின்றால் போதும் என்பதுதான் கணக்கு. மனை விற்றவர்கள் போய்விட்டார்கள், பலகை நின்றுவிட்டது. 1949இல் ஹாலிவுட் வர்த்தக சபை கடைசியில் 'லேண்ட்' என்றிருந்த நான்கு ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பழுதுபார்த்தது. அதன்பிறகு சரியான பராமரிப்பு இல்லை. 1970களில் ஓர் 'ஓ' பெயர்ந்து விழுந்தது, இன்னொன்றின் மேல்பாதி உடைந்து போனது. கடைசியில் 1978இல் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, 45 அடி உயர எழுத்துகளை இரும்பில் புதிதாக எழுப்ப வேண்டியதாயிற்று. ஆளுக்கு ஓர் எழுத்து என்று ஒன்பது பேர் தலைக்குச் சுமார் 27,700 டாலர் கொடுத்தார்கள். ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் ஓர் 'ஓ'வை ஏற்றுக்கொண்டார். அவர்கள் கொடுத்தது பெரிய மனசு, மறுக்கவில்லை. ஆனால் நடுவில் போன அந்த 29 வருஷத்தில் யாராவது விடாமல் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்திருந்தால் இத்தனை பணம் திரட்டவே வேண்டியிருந்திருக்காது என்பதுதான் என் ஆதங்கம்.

ரோட்டுக் குழியை மூடத்தான் வேண்டும். அதற்காகப் பலகையைக் கைவிட்டால் குழி மூடிவிடும் என்று நம்பாதீர்கள். நீங்கள் நகராட்சியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பணத்தில் என்ன வேலை நடக்கும்? முன்பக்கம் மட்டும் பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டுப் போனால் அது காசைக் கரியாக்குவது. எழுத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். போல்ட்டுக்குக் கீழே காவி நிறத்தில் கோடு கோடாக வழிந்திருக்கும். தகடும் சட்டமும் சேரும் மூலையில் மழைத்தண்ணீர் தேங்கி, உள்ளுக்குள்ளேயே இரும்பை அரித்திருக்கும். அடியில் தண்ணீர் வடிய விட்ட துளை தூசியும் பறவைக்கூடுமாய் அடைத்திருக்கும். அந்தத் துளையைக் குத்திவிடக் கம்பி ஒன்று போதும். வருஷத்துக்கு ஒருமுறை அதைச் செய்ய ஓர் ஆளை நியமித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், உங்கள் கோபம் நியாயமானது.

கேள்வி: பழுதுபார்ப்பதே என்றால், நியானைத் தூக்கிவிட்டு எல்இடி போட்டால் மின்சாரமாவது மிச்சமாகுமே?

பதில்: மிச்சமாகும். பாஸ்டன் நகரத்தில் 1965இல் வைத்த சிட்கோ பலகை ஒரு எண்ணெய்க் கம்பெனியின் விளம்பரம், அவ்வளவுதான். மின்சாரச் சிக்கனத்துக்காக 1979இல் அதை அணைத்தார்கள். 1982இல் பிரிக்கத் தொடங்கியபோது ஊர்க்காரர்கள் விடவில்லை. 1983இல் மறுபடி எரிந்தது. பிற்பாடு 2005இல் எல்இடிக்கு மாற்றினார்கள், அதற்காக அதன்மேல் இருந்த பிரியம் போய்விடவில்லை.

ஆனாலும் கண்ணாடி முழுசாக இருந்தால் நியானை விட்டுவிடாதீர்கள் என்பேன். நியான் குழாயை அச்சில் வார்ப்பதில்லை. எழுத்தை அதே அளவில் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, அது இளகித் தொய்யும் அந்த நொடியில் கையால் வளைக்க வேண்டும். வளைவில் குழாய் நசுங்காமல் இருக்க, மறுமுனையில் மாட்டிய ரப்பர் குழாய் வழியாக வாயால் மெல்ல ஊத வேண்டும். கொஞ்சம் அதிகம் ஊதினால் குழாய் புடைத்துவிடும். அப்புறம் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு வாயுவை நிரப்புவார்கள். நியான் என்றால் செம்மஞ்சள் ஒளி. நீலம் வேண்டுமென்றால் ஆர்கானும் துளி பாதரசமும். சரியாகச் செய்த குழாய் பல பத்தாண்டுகள் எரியும். பாதி எழுத்து எரியவில்லை என்கிறீர்களே, பெரும்பாலும் குழாய் கெட்டிருக்காது. ஈரம் இறங்கிய ஒயரோ டிரான்ஸ்பார்மரோதான் போயிருக்கும். ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் இடம் அது. அதனால் தெரிந்த ஆளைத்தான் ஏற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் பார்த்துச் சொல்லும் முன்பே கண்ணாடியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவதுதான் எனக்குத் தாங்காது.

கேள்வி: கலைநயம் எதுவும் இல்லாத பலகையை எப்படி நேசிப்பது?

பதில்: மெல்போர்னில் ஒரு வினிகர் கம்பெனியின் பலகை இருக்கிறது. ஒரு சிறுமி கயிறு தாண்டுகிறாள், அவ்வளவுதான். கயிற்றுக் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிவதால் கயிறு சுழல்வதுபோல் தெரியும். 1936இல் வைத்தது. 1968இல் எடுத்ததும் ஊரே கேள்வி கேட்டது. 1970இல் சற்றுச் சின்ன அளவில் புதிய சிறுமி வந்துவிட்டாள். கலை விமர்சகர் யாரும் அவளைக் கொண்டுவரவில்லை. தினமும் அந்த வழியாகப் போய்வந்தவர்கள்தான் கேட்டார்கள். உங்கள் ஊரில் யாராவது வழி சொல்லும்போது 'போர்டைத் தாண்டி இடது பக்கம்' என்கிறார்களா? எனக்கு அந்தச் சான்று போதும்.

கேள்வி: அப்படியானால் எந்தப் பலகையையும் எடுக்கவே கூடாதா?

பதில்: எடுக்கலாம். ஆம்ஸ்டர்டாமில் அருங்காட்சியகத் திடலில் இருந்த 'ஐ ஆம்ஸ்டர்டாம்' எழுத்துகளை 2018 டிசம்பரில் எடுத்தார்கள். படம் எடுக்க வரும் கூட்டம் ஊரைத் திணறடிக்கிறது என்பது நகர மன்றத்தின் மனக்குறைகளில் ஒன்று. அங்கே வாழ்கிறவர்கள் தேர்ந்தெடுத்த மன்றம் எடுத்த முடிவு, எனக்குச் சரியாகவே படுகிறது.

எடுப்பதென்றால் முறையாக எடுங்கள். சாரம் கட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் எண் போட்டு, முன்னும் பின்னும் படம் எடுத்து, வளைவுகளைத் தாளில் பதிந்துகொண்டு இறக்குங்கள். லாஸ் வேகாஸில் ஓய்வுபெற்ற பலகைகளுக்கென்றே நியான் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அத்தனை வசதி வேண்டாம், மழை படாத ஓர் அறை கிடைத்தால் போதும். குழாய்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.