வீட்டிலேயே குடியை நிறுத்தினால் ஏன் வலிப்பு வருகிறது?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. ஏற்காட்டில் காபித் தோட்டக் கூலி. பல வருடமாகத் தினமும் இரண்டு குவார்ட்டர் குடிக்கிறார். கோயிலுக்கு மாலை போட்டு நிறுத்தினார். இரண்டாம் நாளே கை நடுங்கி வலிப்பு வந்தது. பயந்துபோய் மறுபடி குடிக்கிறார். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதாமே, கொடுக்கலாமா? தனியாரிடம் போக வசதியில்லை.

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள் அம்மா. அந்த மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிராமாக இருக்கும். அது குடி ஆசையைக் குறைக்காது. அதன் மேல் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை விட்ட பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் தர வேண்டும்.

வலிப்புக்கு வருவோம். 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் உண்டு. அவர் உடம்புக்குள் தினம் 120 கிராம் போகிறது. மது மூளையை அமுக்கி வைக்கிறது. மூளை அதை எதிர்த்துத் தன் வேகத்தைக் கூட்டிப் பழகிவிடுகிறது. திடீரென மது நின்றால் அந்த வேகம் மட்டும் மிச்சம். முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவதும், இல்லாத பூச்சியைத் தட்டுவதும் வரலாம். பேய் பிடித்ததென்று மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை வர வாய்ப்பு அதிகம். ஆகவே இனி வீட்டில் நிறுத்த முயல வேண்டாம்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலையில் போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், வலிப்பு வந்தது ஆகிய மூன்றையும் மறைக்காமல் சொல்லி, உள்நோயாளியாகச் சேர்க்கக் கேளுங்கள். சேரும்வரை அவராகவே அடியோடு நிறுத்தக் கூடாது. அங்கே மூளையின் அந்த வேகத்தை அடக்கும் டயஸெபாம் போன்ற மாத்திரையைத் தந்து, சுமார் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோராஸெபாம். கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: ‘தெம்புக்கு’ என்று பக்கத்தில் எங்காவது குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொள்கிறார்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால் கண் ஆட்டம், தள்ளாட்டம், நிரந்தர மறதி வரை போகலாம்.

வீடு திரும்பியதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் அல்லது அகாம்ப்ரொசேட் மாதக்கணக்கில் தேவைப்படும். பத்தே நாளில் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று மாத்திரையை நிறுத்துபவர்களே அதிகம் மீண்டும் விழுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கூலியை விட்டு மலையிறங்க முடியாதுதான். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில், எங்கே வருகிறார் என்று ஏற்காடு அரசு மருத்துவமனையில் கேட்டு வையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

மருத்துவமனையில் சேருவதற்குள் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். நிற்கட்டும் பார்ப்போம் என்று காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள். சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.