கூப்பிடாமலே போக வேண்டிய வீடு

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, கணவரின் வேலைக்காக ஜப்பானில் ஷிமானே மாகாணத்தின் மலை ஊர் ஒன்றுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. சுற்றி இருபது வீடு. பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். பார்த்தால் குனிந்து வணக்கம் சொல்வார்கள், அதோடு சரி. இன்னும் நாங்கள் 'கைஜின்-சான்'தான், அதாவது வெளிநாட்டுக்காரர். சில நாள் வாசலில் முள்ளங்கி இருக்கும். வைத்தது யாரென்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ஊர்ச் செய்திப் பலகை வீடு வீடாக வரும். என் ஒன்பது வயது மகள்தான் அதைப் படித்துச் சொல்லி, முத்திரை குத்தி, அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வருவாள். மூன்று வாரம் முன்பு எதிர் வீட்டுத் தாத்தா இறந்ததைக்கூட அவள்தான் படித்தாள். இடம், நேரம் எல்லாம் போட்டிருந்ததாம். முறை தெரியாததால் நாங்கள் போகவில்லை. டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் போய்விட்டால் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கணவர் அசைய மறுக்கிறார். இந்த ஊர் எங்களை ஏற்றுக்கொள்ளவே இல்லை. அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
— ர., ஷிமானே

பதில்: எதிர் வீட்டில் சாவு. நீங்கள் போகவில்லை. முள்ளங்கிக்கும் நிஷிகசாய்க்கும் நடுவில், பால் பாக்கி எழுதுவதுபோல அதை எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்குத் தாண்ட முடியவில்லை.

முறை தெரியாதாம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்தான் போகணும், சாவுக்குக் கூப்பிடாமலே போகணும் என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லையா? பத்து வருடம் முகம் பார்க்காத பங்காளிகூட அன்றைக்கு மாலையோடு வந்து நிற்பான். உங்களுக்கோ அழைப்பே வந்திருக்கிறது. இடமும் நேரமும் எழுதி, வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். 'குடும்பத்தார் மட்டும்' என்று சாவை முடித்துக்கொள்ளும் வழக்கம் இப்போது அங்கேயும் கூடிவருகிறது. அப்படி எழுதியிருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். உங்கள் கடிதத்தில் அப்படி இல்லை.

அந்த நாட்டுக் கிராமங்களில் 'முராஹச்சிபு' என்று ஒரு பழைய தண்டனை உண்டு. ஊரை விட்டு ஒதுக்கிவைப்பது. ஊரார் கூடிச் செய்யும் காரியம் பத்து, அதில் எட்டை நிறுத்திவிடுவார்கள், அதனால்தான் பெயரிலேயே எட்டு இருக்கிறது என்று விளக்கம் சொல்வார்கள். நிறுத்தாத இரண்டு எவை தெரியுமா? வீடு தீப்பிடித்தால் அணைக்க வருவதும், சாவு விழுந்தால் அடக்கத்துக்கு நிற்பதும். ஒதுக்கிவைத்த குடும்பத்துக்கே அந்த இரண்டை விட்டுவைத்த மண் அது. அந்த இரண்டில் ஒன்றை நீங்களாகவே அறுத்துவிட்டு, ஊர் எங்களை ஏற்கவில்லை என்கிறீர்கள். யாரம்மா யாரை ஏற்கவில்லை?

அந்தப் பலகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'கைரான்பான்' என்பார்கள். 1940-ல், போர்க் காலத்தில், அரசாங்கம் பக்கத்துப் பக்கத்து வீடுகளைக் குழுக் குழுவாகக் கட்டியபோது நாடு முழுக்கப் பரவிய ஏற்பாடு. 1947-ல் அந்தக் குழுக்களைக் கலைத்துவிட்டார்கள். பலகை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. குப்பை எடுக்கும் நாளும் வாய்க்கால் தூர்வாரும் நாளும் சொல்லத்தான் அது என்று நினைக்காதீர்கள். தனியாக இருக்கும் ஒரு கிழவியின் கதவைத் தட்ட அது ஒரு சாக்கு. கதவு திறந்தால் ஆள் நலம். அந்தச் சாக்கைத்தான் ஐந்து வருடமாக ஒன்பது வயதுப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள். தொடங்கும்போது அவளுக்கு எழுத்துகூடத் தெரிந்திருக்காதே, அப்போது யார் படித்தார்கள்? படிக்காமலே தள்ளிவிட்டீர்களா?

இது எனக்குக் கோபமான விஷயம், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஊருக்குத் தெரிந்தவரை உங்கள் வீட்டுக்குப் பெரிய மனுஷி மூன்றாம் வகுப்புப் படிக்கிற அந்தக் குழந்தைதான். சாவுச் செய்தியை அவள் படித்துச் சொல்ல, அம்மாவும் அப்பாவும் சும்மா இருந்ததைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போக அந்த வீட்டைத் தாண்டித்தானே போயிருப்பாள்? சாவு வீட்டு வாசலில் போய் நிற்பது பெற்றவர்கள் வேலை. உங்கள் கணவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாற்றல் வேண்டாம் என்று அடம் பிடிக்கிறவர், இருக்கிற ஊருக்கு என்ன செய்தார்?

இன்னொன்று கேட்கிறேன். தாத்தா போன பிறகு வாசலில் முள்ளங்கி வந்ததா?

நிஷிகசாய்க்குப் போங்கள், போகாதீர்கள், அது புருஷன் பெண்டாட்டி பேசி முடிக்க வேண்டியது. தமிழ்ச் சத்தம் காதில் விழும், தோசை மாவு கிடைக்கும், நல்லதுதான். ஆனால் இந்தக் கடனை வைத்துவிட்டுப் போகாதீர்கள். அங்கே பௌத்த முறையில் துக்கம் முடிகிற நாள் 49-ம் நாள். உங்கள் கணக்குப்படி அது இன்னும் வரவில்லை. அதற்குள் வீட்டுக்கே போய்த் துக்கம் கேட்கலாம், தப்பில்லை.

துக்கப் பணம் வைக்கிற கறுப்பு வெள்ளை நூல் போட்ட உறை, 24 மணி நேரக் கடைகளிலேயே விற்கிறது. அக்கம்பக்கத்துக்கு 3,000 அல்லது 5,000 யென் வழக்கம். 4,000 வேண்டாம், நாலுக்கும் சாவுக்கும் அங்கே ஒரே உச்சரிப்பு. புது நோட்டு என்றால் ஒருமுறை மடித்து வையுங்கள். சாவை எதிர்பார்த்து எடுத்துவைத்த மாதிரி இருக்கக் கூடாது. இவ்வளவு நாள் கழித்துக் கறுப்பு உடுத்த வேண்டாம், அடக்கமான நிறத்தில் ஏதாவது போதும். ஊதுபத்தி ஏற்றச் சொன்னால் தீயை வாயால் ஊதாதீர்கள், கையால் விசிறுங்கள். நாம் விளக்கை வாயால் ஊதி அணைப்போமா? அதேதான். துக்கம் கேட்கும்போது சொல்ல 'கோஷூஷோ-சாமா' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைச் சத்தமாக, இலக்கணமாகச் சொல்ல வேண்டியதே இல்லை. பாதியில் குரல் தேய்ந்து தலை குனிந்தால் அதுவே மரியாதை. மொழி தெரியாதவர்களுக்கு இதைவிட வசதியான பேச்சு கிடைக்காது. நாம் சாவு வீட்டில் 'போயிட்டு வரேன்' சொல்வதில்லை. அவர்களும் 'மறுபடி மறுபடி' என்று அர்த்தம் வரும் சொற்களை அங்கே தவிர்ப்பார்கள். இதில் உங்களுக்கு எது புதுசு?

பிறகு அந்த வீட்டிலிருந்து தேயிலையோ துண்டோ பதிலுக்கு வரும். வாங்கிக்கொண்டு அதோடு விட்டுவிடுங்கள். பதிலுக்குப் பதில் முறுக்கு சுட்டுக் கொண்டு போகாதீர்கள், துக்கத்தில் அது தொடரக் கூடாது. முறுக்கை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் கூட வரட்டும், உங்கள் பின்னால். வாசலில் குரல் கொடுப்பது நீங்கள். அடுத்த முறை பலகை வந்தால், அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை சுவரில் சாத்திவைக்காமல் நீங்களே எடுத்துப் போங்கள். எழுத்து புரியாவிட்டால் அடுத்த வீட்டுப் பாட்டியிடம் விரல் வைத்துக் காட்டுங்கள்.