சொற்களையும் பெயர்களையும் வகைபிரிக்கும் இலக்கணச் சொற்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

எனக்கு 'மங்கலம்', அதாவது அமங்கலமானதை நல்ல சொல்லால் சொல்வது. பள்ளியில் இதைக் கண்டாலே ஆகாது. ஒன்றை நேராகச் சொல்லாமல் தகுந்த வேறு சொல்லால் சொல்வது தகுதி வழக்கு. நன்னூல் சொல்லும் தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. கடைசிச் சொல்லில் 'ழூ'வுக்குப் பின்னால் ஓர் 'உ' வரும். அதை விட்டுவிட்டு அரை மதிப்பெண் இழந்தவன் நான். மங்கலத்துக்குப் படித்த உதாரணம், செத்தார் என்னாமல் 'துஞ்சினார்' என்பது. சரி, சாவு வீட்டுச் சமாசாரம் என்று மறந்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் அம்மாவின் தாலிக்கயிறு அறுந்தது. பாட்டி பதறாமல், "சரடு பெருகிடுச்சு, புதுசு எடுத்துட்டு வா" என்றாள். அறுந்தது எப்படிப் பெருகும்? அப்போதுதான் உறைத்தது, எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி மங்கலம்தான் என்று. விளக்கை 'அணை' என்றால் திட்டு விழும். 'குளிர வை' என்று சொல்ல வேண்டும். அரிசி தீர்ந்துபோனால் "அரிசி நிறைஞ்சிருக்கு". கல்யாணமாகிப் புதிதாக வந்த சித்தி இதை அப்படியே நம்பிவிட்டாள். அன்று மதியம் உலை கொதித்தது, போட அரிசி இல்லை. கறுப்பு ஆட்டுக்கும் 'வெள்ளாடு' என்று பெயர் வந்தது இந்த வழியில்தான் என்பார்கள் இலக்கணக்காரர்கள்.

இடக்கரடக்கலும் மங்கலமும் ஒன்றுதானே என்று சிலர் கேட்பார்கள். 'கால் கழுவி வந்தேன்' என்பது கூச்சத்தில் சொல்வது, இடக்கரடக்கல். மங்கலம் பயத்தில் பிறந்தது. வாயால் சொன்னால் நடந்துவிடுமோ என்ற பயம்.

மரூஉவைப் பற்றி ஒரு வரி. கோயம்புத்தூரைக் 'கோவை' என்றும் உதகமண்டலத்தை 'உதகை' என்றும் சுருக்குவதைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். மருவி வழங்கும் பெயர்களையும் நன்னூல் இயல்பு வழக்கிலேயே, அதாவது இயல்பாக வழங்கும் சொற்களிலேயே, சேர்த்திருக்கிறது.

குழூஉக்குறிக்குப் பழைய உதாரணம், பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது. கூட்டத்துக்கு வெளியே உள்ளவருக்குப் புரியக் கூடாது, அவ்வளவுதான் விதி. எங்கள் ஆபீஸில் மேனேஜர் வந்தால் "மழை வருது" என்போம். போன மாதம் அவரே உள்ளே நுழைந்தபடி "நனைஞ்சிடாதீங்க" என்றார். வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.