ரப்பர் தோட்டத்துத் தேனீப் பெட்டியில் மகரந்தப் பொறி வைக்கலாமா?

எட்டுப் பெட்டி நாட்டுத் தேனீ வைத்திருக்கிறீர்கள். வாசலில் பொறி மாட்டி மகரந்தம் எடுத்து விற்றால் தேனைவிட லாபம் என்று யாரோ சொன்னார்கள், உண்மையா, எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் வீடு பனச்சமூட்டுக்குப் பக்கம், எல்லைக்குக் கேரளப் பக்கம். சுற்றிலும் ரப்பர். பன்னிரண்டு பெட்டி வைத்திருக்கிறேன், பொறியும் வைத்துப் பார்த்துவிட்டேன். நேராகச் சொன்னால் நம் பக்கத்தில் இது வியாபாரத்துக்கு ஆகாது. ஆனால் பொறியைத் தூக்கிப் போடவும் நான் சொல்ல மாட்டேன்.

முதலில் ரப்பரைப் பற்றி. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நமக்குத் தேன் கொட்டுகிறது, சரி. அந்தத் தேன் ரப்பர் பூவிலிருந்து வருவதில்லை. இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது, காம்பு நுனியில் மூன்று இலைகளும் சேரும் இடத்தில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. தேனீ அங்கேதான் இனிப்பை உறிஞ்சுகிறது. அங்கே மகரந்தம் ஏது? தேன் அறை நிரம்பி வழிகிற மாதத்தில்கூட மகரந்தத்துக்குத் தேனீ வீட்டுத் தென்னையையும், வேலியோரத் தொட்டாற்சுருங்கியையும், முருங்கையையும், புளியையும்தான் தேடிப் போகிறது. நூறு ஏக்கர் ரப்பருக்கு நடுவில் பெட்டி வைத்தவனுக்குத் தேன் பஞ்சமில்லை, மகரந்தப் பஞ்சம் உண்டு. அந்தப் பெட்டியின் வாசலில் போய்ப் பொறியை மாட்டினால் எப்படி இருக்கும்?

பொறி என்பது பெரிய கருவி ஒன்றும் இல்லை. வாசலை மறைத்து ஒரு துளைத் தகடு. தேனீ உடலைச் சுருக்கி அந்தத் துளையில் நுழையும்போது பின்கால் கூடையில் ஒட்டிக்கொண்டு வந்த உருண்டை உரசி விழுகிறது. கீழே ஒரு கம்பி வலை, அதன் வழியாக உருண்டை மட்டும் தட்டில் சேரும், தேனீ இறங்கி எடுக்க முடியாது. அவ்வளவுதான்.

நான் ஆன்லைனில் வாங்கிய முதல் பொறி இத்தாலியத் தேனீக்குச் செய்தது. துளை 5 மில்லிமீட்டர். நம் நாட்டுத் தேனீ உருவத்தில் சின்னது. மூன்று நாள் காலையும் மாலையும் தட்டை இழுத்துப் பார்த்தேன், நாலைந்து எறும்பைத் தவிர ஒன்றும் இல்லை. தேனீ இரண்டு காலிலும் உருண்டையோடு ராஜநடையாக உள்ளே போய்க்கொண்டிருந்தது! போதாததற்கு அந்தப் பொறி பெரிய பெட்டியின் அகலத்துக்குச் செய்தது. நம்முடைய நியூட்டன் பெட்டியும் மார்த்தாண்டம் பெட்டியும் சின்னவை, இரண்டு ஓரமும் இடைவெளி விட்டு நின்றது. பிறகு பட்டறையில் சொல்லி, 4 மில்லிமீட்டரை ஒட்டிய துளையில் தகடு அடித்து வாங்கினேன். துளையின் விளிம்பில் பிசிர் இருந்தால் இறக்கை கிழியும், அரம் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது தகடு வேலை செய்தது. அதுதான் வம்பாகப் போனது. தட்டில் வெளிர் மஞ்சள், ஆரஞ்சு, சாம்பல் என்று உருண்டைகள் விழுவதைப் பார்க்க அவ்வளவு அழகு. கழற்ற மனம் வராமல் பத்து நாள் அப்படியே விட்டுவிட்டேன். பதினோராம் நாள் பெட்டியைத் திறந்தால் அடையில் முட்டை இருக்கிறது, புழு இல்லை. இருந்த ஒன்றிரண்டும் பால் இல்லாமல் வறண்டு கிடந்தன. அந்த வாரமே கூட்டம் மொத்தமும் பெட்டியை விட்டுப் போய்விட்டது. நாட்டுத் தேனீ அப்படித்தான். இத்தாலியத் தேனீ பொறுத்துக்கொண்டு கிடக்கும், இது மூட்டை கட்டிவிடும்.

எனக்குப் பெட்டி வைக்கக் கற்றுத் தந்த மாமா வந்து காலிப் பெட்டியைப் பார்த்தார். "ஏ மக்கா, பிள்ளையளுக்க சோத்த எடுத்தா தாய் வீட்டுல இருப்பாளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

அவர் சொன்னது கணக்காகவும் சரி. தேன் என்பது தேனீ ஓடியாடுவதற்கான சக்தி. புரதம் முழுக்க மகரந்தத்தில்தான். வீட்டிலிருக்கும் இளம் தேனீக்கள் மகரந்தத்தைத் தின்று தலையிலுள்ள சுரப்பியில் பால் ஊறவைத்துப் புழுவுக்கு ஊட்டுகின்றன. மகரந்தம் நின்றால் பால் நிற்கும், பால் நின்றால் அடுத்த தலைமுறை நிற்கும். இன்னொன்றும் நடக்கிறது. உள்ளே மகரந்தம் குறைந்தது தெரிந்தால், தேனுக்குப் போக வேண்டிய தேனீக்களில் ஒரு பகுதி மகரந்தத்துக்குத் திரும்பிவிடும். ஆக மகரந்தம் எடுக்கிற பெட்டியில் தேனும் குறையும். தேனைவிட லாபம் என்று சொன்னவர் பெட்டி வைத்தவராக இருக்க மாட்டார்.

இப்போது எப்படிச் செய்கிறேன் என்றால், அடை கட்டும் மரச்சட்டம் எல்லாம் தேனீ நிறைந்து, மெழுகு மூடாத அறையில் புழுவும் ஓரத்தில் மகரந்தச் சேமிப்பும் உள்ள பெட்டியில் மட்டும், வாரத்துக்கு இரண்டு நாள், காலையில் மாட்டிப் பத்து மணிக்கெல்லாம் கழற்றிவிடுவேன். ஒரு பெட்டிக்கு ஒரு தேக்கரண்டி, மிஞ்சினால் இரண்டு. உங்கள் எட்டுப் பெட்டியும் நல்ல பலத்தோடு இருந்தாலும் வாரத்துக்கு ஒரு டம்ளர் நிறைந்தால் அதிகம். புது ராணி கலவிக்குப் பறக்கிற சமயத்தில் பொறியைத் தொடவே கூடாது, அவளால் துளையில் நுழைய முடியாது. ஆண் தேனீயும் நுழையாது. கழற்ற மறந்தால் உள்ளே செத்து வாசலை அடைக்கும்.

பிப்ரவரி வாக்கில் தளிரில் சாம்பல் நோய் வராமலிருக்க ரப்பருக்குக் கந்தகப் பொடி அடிப்பார்கள். அந்த நாட்களில் எடுத்த மகரந்தத்தை வாயில் வைக்காதீர்கள்.

எடுத்ததைக் காய வைப்பதுதான் நம் ஊரில் பெரும்பாடு. புதிதாக விழுந்த உருண்டையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஜூன் மழையில் ஒரு தட்டை இரண்டு நாள் சமையலறையில் மறந்து வைத்தேன், பச்சைப் பூசணம் பூத்துவிட்டது. அன்றன்றே எடுத்து, முறத்தில் புடைத்து, எறும்பும் தேனீயின் காலும் மெழுகுத் துணுக்கும் நீக்கி, மெல்லிய துணி மூடி நிழலில் காய வையுங்கள். சூடு 40 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. விரலால் அழுத்தினால் பிசுபிசுக்காமல் உடைய வேண்டும். காய்ந்ததையும் நான் ஃப்ரீசரில்தான் வைக்கிறேன், அந்துப்பூச்சி முட்டை இருந்தாலும் சாகும். யாருக்காவது தின்னக் கொடுப்பதென்றால் முதலில் இரண்டு உருண்டை மட்டும். ஆஸ்துமாக்காரருக்கும் ஒவ்வாமை உள்ளவருக்கும் அதுவும் வேண்டாம். மூச்சடைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடும் அளவுக்குப் போகலாம்.

சரி, பிறகு ஏன் பொறியை வைத்திருக்கிறேன்? ஆடி மாத மழையில் தேனீ வெளியே போக முடியாமல் கிடக்கும்போது, தை மாசியில் சேர்த்த மகரந்தத்தைப் பொடித்து, சர்க்கரைப் பாகில் பிசைந்து, சட்டத்தின் மேல் அப்பி வைக்கிறேன். புழு வளர்ப்பு நிற்பதில்லை. என் பெட்டியில் எடுத்ததை என் பெட்டிக்கே கொடுக்கிறேன். வெளி மகரந்தம் வாங்கிப் போடவே மாட்டேன். 1991-92ல் தாய்லாந்து சாக்புரூட் என்ற, தேனீப் புழுவைக் கொல்லும் வைரஸ் வந்து தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீ பெட்டி பெட்டியாகக் காலியானதை மாமா இன்றும் சொல்லுவார். அந்த வகை வைரஸ் மகரந்தத்திலும் ஏறி வரும்.

பொறி வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வெயில் ஏறும் முன், காலை ஏழரை மணிவாக்கில் ஒவ்வொரு பெட்டி வாசலிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, உள்ளே வருகிற தேனீயை எண்ணுங்கள். பத்தில் மூன்றுகூடக் காலில் உருண்டையோடு வரவில்லை என்றால் அந்தப் பெட்டிக்குப் பொறி வேண்டாம். வேலியில் இரண்டு முருங்கைக் கம்பு நடுங்கள்.