மூழ்காத பாதி

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ‘அட்மிரல் கிராஃப் ஸ்பீ’ என்ற ஜெர்மன் போர்க்கப்பலை அதன் கேப்டனே வெடிவைத்து மூழ்கடித்துவிட்டார். அப்படியிருக்க, அந்த இரும்புக் குப்பையை பிரிட்டிஷார் 14,000 பவுண்டு கொடுத்து ஏன் வாங்கினார்கள்? உள்ளே தங்கமும் அணுகுண்டு ரகசியமும் இருந்ததாக ஒரு யூடியூப் சேனலில் சொல்கிறார்கள். மூழ்கிய கப்பலைச் சோதித்து அப்படி என்னதான் கண்டுபிடித்துவிட முடியும்? (வாசகர், திருச்செங்கோடு)

பதில்: அணுகுண்டை முதலில் இறக்கிவைத்துவிடுவோம். யுரேனியம் பிளவுபடுகிறது என்பதே பெர்லின் ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது 1938 டிசம்பரில்தான். கிராஃப் ஸ்பீ வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது 1939 ஆகஸ்ட் 21இல். இடைப்பட்ட எட்டு மாதத்தில் குண்டு செய்து கப்பலிலும் ஏற்றிவிட்டார்கள் என்று சொல்கிற அந்தச் சேனல்காரர் சீரியலுக்குக் கதை எழுதப் போயிருக்கலாம். தங்கத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

கப்பல் மூழ்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பாதி உண்மை. 1939 டிசம்பர் 13 அன்று பிளேட் நதியின் கழிமுகத்துக்கு வெளியே எக்ஸிடர், அஜாக்ஸ், அகிலிஸ் என்ற பிரிட்டிஷ் தரப்பின் மூன்று குரூசர் போர்க்கப்பல்களோடு மோதிவிட்டு, உருகுவேயின் தலைநகர் மான்டிவிடியோவில் வந்து ஒதுங்கியது கிராஃப் ஸ்பீ. நடுநிலை நாடு என்பதால் 72 மணி நேரம்தான் கெடு. முன்பக்கத்தில் ஓட்டை, சமையலறை நாசம், இன்ஜினுக்குப் போகும் எண்ணெயைச் சுத்திகரிக்கும் அமைப்பும் சேதம். பெரிய பீரங்கிகளின் குண்டிலும் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. 17ஆம் தேதி மாலை கேப்டன் ஹான்ஸ் லாங்ஸ்டார்ஃப் கப்பலைச் சில மைல் வெளியே கொண்டுபோய் நிறுத்தி, ஆட்களை இறக்கிவிட்டு, வெடிக்க வைத்தார். வெடிக்குப் பயன்பட்டவை கப்பலில் இருந்த டார்பிடோக்களின் முனைக்குண்டுகள்.

அங்கே ஆழம் எவ்வளவு? பதினோரு மீட்டர்வாக்கில். முழுச் சுமையோடு மிதப்பதற்கே அந்தக் கப்பலுக்கு ஏழு மீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஆக, அது கீழே போனது மூன்று நான்கு மீட்டர்! குட்டையில் படுத்த எருமை போல முதுகும் தலையும் வெளியே தெரிய உட்கார்ந்துவிட்டது. ஆழ்கடலுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். வெளியே பிரிட்டிஷ் கப்பல்கள் காத்திருந்தன; கழிமுகமோ வெகுதூரத்துக்குச் சேறும் சகதியுமான ஆழமில்லாத தண்ணீர். எதிர்க்கரையில் இருக்கும் ப்யூனஸ் அயர்ஸுக்குப் போகலாம் என்றால், இன்ஜினைக் குளிர்விக்க உறிஞ்சும் தண்ணீரோடு சேறும் ஏறிக் குழாய்களை அடைத்துவிடும் என்ற பயம். கப்பலோடு இறங்காத லாங்ஸ்டார்ஃப், மூன்றாம் நாள் ப்யூனஸ் அயர்ஸில் ஒரு ஓட்டல் அறையில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

கப்பலுக்கு வெடி வைப்பவர்கள் எங்கே வைப்பார்கள்? வெடிமருந்து அறையில், இன்ஜின் அறையில். கப்பலைக் கொல்ல வேண்டுமானால் அதுதான் சரியான இடம். பின்பகுதி அப்படித்தான் சிதறியது. தீ நாள்கணக்கில் எரிந்தது. ஆனால் கப்பலைக் கொல்வது வேறு, அதன் ரகசியத்தைக் கொல்வது வேறு. ரகசியம் அடியில் இல்லை, உச்சியில் இருந்தது. முன்கோபுரத்தின் மேல், தூரமானி பொருத்திய சுழல் கூண்டின் முகத்தில், ஒரு செவ்வகச் சட்டமும் அதில் வரிசையாகக் குட்டைக் கம்பிகளும்: ரேடியோ அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதைப் பிடித்துத் தூரம் அறியும் ரேடாரின் ஆன்டெனா. உள்ளே இருந்த நுண்கருவிகளை நொறுக்கியவர்கள் இதைக் கழற்றித் தண்ணீரில் போடவில்லை. அரை மணி நேர வேலை. ஒரு ஸ்பானரும் இரண்டு ஆட்களும் போதும். போட்டிருந்தாலும் காலம் கடந்த வேலைதான் என்பது வேறு விஷயம். துறைமுகத்தில் நின்ற நாட்களிலேயே அந்தச் சட்டம் பளிச்சென்று தெரியும் புகைப்படங்கள் எடுக்கப்பட்டுவிட்டன.

படம் இருந்தால் போதாதா, நேரில் எதற்கு? படத்தில் ‘இருக்கிறது’ என்று தெரியும், அளவு தெரியாது. அளவில்தான் எல்லாமே இருக்கிறது. ஆனால் கிடப்பது நடுநிலை நாட்டின் வாசலில். உடைந்தாலும் அது ஜெர்மன் அரசின் சொத்து. பிரிட்டிஷார் பட்டப்பகலில் ஏறி அளவெடுக்க முடியாது. அதனால்தான் உங்கள் 14,000 பவுண்டு. மான்டிவிடியோ வியாபாரி ஹூலியோ வேகா ஹெல்கேரா பழைய இரும்புக்காக வாங்குவதுபோல ஜெர்மானியரிடமிருந்தே விலைக்கு வாங்கினார், பணம் லண்டனுடையது. ஒரு போர்க்கால ரகசியத்துக்கு இதைவிட மலிவான விலை அபூர்வம்.

1940 தொடக்கத்தில் ஏறிப் பார்க்க அனுப்பப்பட்டவர் பெயின்பிரிட்ஜ்-பெல். 1935இல் ஆர்ஃபோர்டுநெஸ் முனையில் பிரிட்டனின் ரேடார் பிறந்தபோது அந்தச் சின்னக் குழுவில் இருந்தவர். கப்பல் உடைக்கும் ஆளையோ கடற்படை அதிகாரியையோ மட்டும் அனுப்பியிருந்தால், ‘கம்பிச் சட்டம் ஒன்று, சேதம்’ என்று பட்டியலில் எழுதி முடித்திருப்பார்கள். சரியான ஆளை அனுப்பியதுதான் பாதிச் சோதனை.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. பெட்டி கருகிப்போன ரேடாரில் கம்பியை மட்டும் வைத்து என்ன கண்டுபிடிக்கலாம்?

முதலில் கம்பியின் நீளம். இத்தகைய ஆன்டெனாவில் ஒரு கம்பி பொதுவாக அலைநீளத்தில் பாதி இருக்கும். நடைமுறையில் அதைவிட ஐந்து சதவீதம்போலக் குறைவாக வெட்டுவார்கள். 40 செ.மீ. கம்பி என்றால் அலைநீளம் 80 செ.மீ.க்குச் சற்று மேல். இங்கேதான் வழுக்கும். கம்பி நடுவில் பிளந்து இணைப்புக் கொடுக்கப்பட்டதா, முனையில் கொடுக்கப்பட்டதா என்று பார்க்காவிட்டால், அரை அலைக் கம்பியை முழு அலைக் கம்பி என்று எண்ணிவிடலாம். விடை அப்படியே இரண்டு மடங்கு பிசகும். அதனால் நீளத்தை மட்டும் நம்பக்கூடாது. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளின் நடு இடைவெளி, கம்பிக்கும் பின்னால் இருக்கும் பிரதிபலிப்பு வலைக்கும் உள்ள தூரம் இரண்டையும் எடுக்க வேண்டும். முன்னது பெரும்பாலும் அரை அலை, பின்னது கால் அலைவாக்கில். மூன்றும் ஒத்துவந்தால்தான் கணக்கு உறுதி. தீயில் வெந்த சட்டம் வளைந்திருக்கும் என்பதால், ஒரு கம்பியை அளந்துவிட்டு இறங்கக்கூடாது. கோணாத மூலையில் பலவற்றை அளக்க வேண்டும்.

அடுத்தது சட்டத்தின் அகலம். அகலம் அலைநீளத்தைப் போல எத்தனை மடங்கோ, அதற்கேற்பத்தான் ரேடார் வீசும் அலைக்கற்றை குறுகும். 80 செ.மீ. அலைக்கு இரண்டு மீட்டர் அகலம் என்றால் கற்றை இருபது பாகைக்கு மேல் விரிந்துவிடும். 15 கிலோமீட்டர் தூரத்தில் அது ஐந்து கிலோமீட்டர் அகலம். அதை மட்டும் வைத்துத் திசை குறித்துச் சுட முடியாது. அப்படியானால் எதற்குப் பயன்? தூரத்துக்கு. ரேடார் விட்டுவிட்டு அனுப்பும் அலைத் துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தில் ஒரு மைக்ரோ விநாடிக்கு 150 மீட்டர் என்று கணக்கு. கற்றை எவ்வளவு விரிந்தாலும் இது கெடாது.

மூன்றாவது, பொருத்திய இடம். எனக்குக் கேட்டால் இதுதான் மூன்றிலும் பெரிய சாட்சி. விமானம் வருகிறதா என்று பார்க்கும் ஆன்டெனா தனியாக, பாய்மரக் கம்பத்தின் உச்சியில் இருக்கும். இதுவோ தூரமானிக் கூண்டோடு பிணைக்கப்பட்டு, அது திரும்பும் பக்கம் தானும் திரும்பும்படி இருந்தது. அந்தத் தூரமானி 10.5 மீட்டர் அகலம். இரு முனையிலும் ஒவ்வொரு கண். இரண்டும் ஒரே இலக்கைப் பார்க்கும் கோண வித்தியாசத்தில் தூரம் கிடைக்கும். தூரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும். புகை, அந்தி, மழை வந்தால் குருடு. அதன் பக்கத்திலேயே ரேடாரைக் கட்டியிருக்கிறார்கள் என்றால் வேலை ஒன்றுதான்: திசையைக் கண் சொல்லும், தூரத்தை ரேடார் சொல்லும், பீரங்கி சுடும்.

பெயின்பிரிட்ஜ்-பெல் சொன்னதும் இதைத்தான்: பீரங்கிக்குத் தூரம் சொல்லும் ரேடார், அலைநீளம் மிகக் குட்டை. அப்போது பிரிட்டிஷ் கடற்படையிடம் கப்பலில் இருந்தது ஏறத்தாழ 7 மீட்டர் அலைநீளத்தில் விமானம் பார்க்கும் கருவி. அதுவும் விரல்விட்டு எண்ணும் கப்பல்களில். பீரங்கிக்கான 50 செ.மீ. ரேடார் பிறகுதான் வந்தது. ‘சீடாக்ட்’ என்ற அந்த ஜெர்மன் கருவியோ போருக்கு முன்பே கப்பலேறிவிட்டது.

இனிமேல்தான் வேடிக்கை. சிதைவுக்குப் பணம் கொடுத்தாயிற்று, நிபுணரை அட்லாண்டிக் தாண்டி அனுப்பியாயிற்று, அவர் வந்து எழுதியும் கொடுத்தாயிற்று. அறிக்கை கடற்படைத் தலைமையகத்தில் ஓராண்டுக்கு மேல் தூங்கியது. ஜெர்மன் ரேடார் பற்றித் துப்புத் தேடிக்கொண்டிருந்த விமானப்படையின் அறிவியல் உளவாளர் ஆர்.வி. ஜோன்ஸ் கைக்கு அது உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. 1941 பிப்ரவரி 24 அன்று, ஜெர்மானியரிடம் ரேடார் இருக்கிறதா இல்லையா என்று பேச அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் அவர்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்ததைக் காகிதத்தில் மூழ்கடித்த பெருமை லண்டனுக்கு உரியது. லாங்ஸ்டார்ஃபைக் குறை சொல்லிப் பயனில்லை.

கப்பலைப் பற்றி இன்னொரு செய்தி, சின்னது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி மீது விதித்த வெர்சாய் ஒப்பந்தப்படி இந்த வகைக் கப்பல் 10,000 டன்னைத் தாண்டக்கூடாது. ஜெர்மனி தாண்டவில்லை என்றே அறிவித்தது. உண்மையில் 12,000 டன்னுக்கு மேல். ரிவெட்டுக்குப் பதில் வெல்டிங், நீராவிக்குப் பதில் எம்.ஏ.என். நிறுவனத்தின் எட்டு டீசல் இன்ஜின் என்று எடையைக் குறைக்க எவ்வளவோ செய்தும் அவ்வளவு.

இன்றைக்குச் சோதிப்பது இன்னும் கடினம். கப்பல் வண்டலில் இறங்கிவிட்டது. பிளேட் நதி கொண்டுவரும் சேற்றில் கண்ணுக்கு எதிரே நீட்டிய கை தெரியாது. முதலில் ஒலியலையால் பார்க்கும் பக்கவாட்டு சோனாரால் அடிப்பரப்பை வரைவார்கள். பிறகு முக்குளிப்பவர் தடவித் தடவிப் போய், தொட்டதை மேலே வந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். கிழிந்த தகடு உடையைக் கிழிக்கும், சிக்கிய மீன்வலை காலைப் பிடிக்கும், வெடிக்காத குண்டும் இருக்கலாம்.

1997இல் 15 செ.மீ. வாய்விட்டமுள்ள ஒரு பீரங்கியை எடுத்தார்கள், மான்டிவிடியோ கடல்சார் அருங்காட்சியக வாசலில் நிற்கிறது. 2004 பிப்ரவரி 25 அன்று 27 டன் தூரமானிக் கூண்டு மேலே வந்தது. எடுப்பது பெரிதல்ல, வைத்துக்கொள்வதுதான் பெரிது. உப்பு நீரில் ஊறிய இரும்பின் துளைகளில் குளோரைடு குடியிருக்கும். காற்று பட்ட மறுநாளே அரிக்கும் வேலையைத் தொடங்கிவிடும். காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து, அந்த நீரில் குளோரைடு வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். 27 டன் பொருளுக்குத் தொட்டி கட்டப் பணம் யார் கொடுப்பது? பெயின்ட் அடித்து வெயிலில் நிறுத்தினால் அடியிலிருந்து செதில் செதிலாக உரியும்.

தங்கம் கேட்டீர்கள். அது 2006 பிப்ரவரி 10 அன்று பின்பக்கத்திலிருந்து எடுத்த கழுகுச் சின்னமாக இருக்க வேண்டும்: சிறகு விரிப்பு 2.8 மீட்டர், எடை முந்நூறு கிலோவுக்கு மேல், கழற்ற 145 திருகாணி. எடுத்தவர்களுக்கும் உருகுவே அரசுக்கும் நடந்த வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் அரசுக்கே சொந்தம் என்றது. 2023 ஜூனில் அதை உருக்கிப் புறாவாக வார்ப்போம் என்று உருகுவே அதிபர் அறிவித்தார். எதிர்ப்பு வந்ததும் இரண்டே நாளில் விட்டுவிட்டார். சேனல்காரரிடம் சொல்லுங்கள்: அது வெண்கலம்.